கார் பற்றறியும் ஒரு பழைய கேள்வியும்



இன்று காலை ஸ்காபரோவில் இந்த வருடத்தின் முதல் பனி கொட்டியது. பெரிதாக ஒன்றுமில்லை, முற்றத்துப் புல்லை மூடுமளவுக்குத்தான். ஆனால் முதல் பனியைக் கண்டால் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. மகளின் பழைய கொறொல்லாவைக் குளிர்காலத்துக்கு ஆயத்தம் பண்ணி நிறுத்த வேண்டும். இனி அது மார்ச் கடைசியில்தான் வீதிக்கு இறங்கும். அந்த வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் கனடாவிலும் நோர்வேயிலும் சுவிஸிலும் இருக்கிறீர்கள். பற்றறி விசயம் உங்களுக்குப் பயன்படும். ஊரில் இருப்பவர்களும் வாசியுங்கள். இதில் பற்றறி மட்டும் இல்லை. நான் ஒருவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் இருக்கிறது.

மகள் புதுக் கார் வாங்கியபோது பழையதை எனக்கென்று விட்டாள். சித்திரையிலிருந்து கார்த்திகை வரை அதில்தான் நானும் மனைவியும் நூலகத்துக்கும் கோயிலுக்கும் தமிழ்க் கடைக்கும் போய்வருவோம். சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில் பனியில் சறுக்கி, பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியோடு மோதினேன். யாருக்கும் ஒன்றுமில்லை. தொட்டிதான் நசிந்தது. அன்று பின்னேரமே மகள் திறப்பை வாங்கிவிட்டாள். "குளிருக்கு நீங்கள் கார் ஓடுறேல்லை, அப்பா. அவ்வளவுதான்." எழுபது தாண்டிய தகப்பனுக்கு ஒரு மகள் போடும் சட்டத்துக்கு மேன்முறையீடு கிடையாது.

அடுத்த கார்த்திகையில் காரை வீட்டு முன்றலில் நிறுத்திப் பூட்டினேன். பூட்டினேன், அவ்வளவுதான். ஓடாத காருக்கு என்ன வரப்போகிறது, சும்மாதானே நிற்கப்போகிறது என்று நினைத்தேன். அதற்கு முந்திய மூன்று கிழமையும் பக்கத்தில் உள்ள நூலகத்துக்கும் கடைக்கும்தான் ஓடியிருந்தேன். ஐந்து நிமிட ஓட்டங்கள். ஹீற்றரும் முன்விளக்கும் கண்ணாடிச் சூடாக்கியும் போட்டபடி. பற்றறியிலிருந்து எடுத்தது அதிகம், திருப்பிக் கொடுத்தது குறைவு என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இதில் வெட்கம் என்னவென்றால், ஈய அமிலச் சேமிப்புக் கலத்தை நான் முப்பது வருடத்துக்கு மேல் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்தவன். எத்தனை ஆயிரம் தரம் அந்தச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! ஈயத் தட்டு ஒருபக்கம், ஈயவீரொட்சைட்டுத் தட்டு மறுபக்கம், நடுவில் நீர் கலந்த சல்பூரிக் அமிலம். மின்னை எடுக்கும்போது இரண்டு தட்டும் ஈயச் சல்பேற்றாக மாறும், அமிலம் குறைந்து நீர் கூடும். மின்னை ஏற்றும்போது எல்லாம் திரும்பிப் பழையபடி வரும். நடுவில் இரண்டு பக்கமும் போகிற அம்புக்குறி. உங்களில் பலர் இப்போதும் நித்திரையில் எழுப்பினாலும் சொல்வீர்கள்.

அந்தக் குளிர் கடுமையானது. தை மாதக் கடைசியில் இரவில் மைனஸ் 22 வரை போனது.

பெப்ரவரி முதல் கிழமை ஒருநாள் காலை ஒரு செய்தி வந்தது. என்னோடு ஊரில் கணிதம் படிப்பித்த நண்பர் ஆஸ்பத்திரியில், நிலைமை அவ்வளவு நல்லாயில்லை என்று. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். பின்னேரம் அவர்கள் வரும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. வெளியில் நல்ல வெயில், வீதியில் பனியும் இல்லை. திறப்பு எந்த லாச்சியில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள், ஒன்றும் சொல்லவில்லை.

றிமோட்டை அமத்தினேன், கார் வாயே திறக்கவில்லை. திறப்பைப் போட்டுக் கதவைத் திறந்து ஸ்ரார்ட் பண்ணினால் ஒரு 'டிக்' சத்தம்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரர், அதே குப்பைத் தொட்டிக்காரர்தான், நல்ல மனிதர், தன் காரைக் கொண்டுவந்து முன்னுக்கு நிறுத்தி ஜம்பர் கேபிளையும் எடுத்துத் தந்தார். பொனற்றைத் திறந்தோம். எனக்கு எது நேர், எது மறை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கவ்வியை எந்த ஒழுங்கில் போடுவது என்பதில் கொஞ்சம் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றம்தான் அன்று என்னைக் காப்பாற்றியது.

இங்கே பழைய மாணவர் ஒன்றுகூடலில் ஒருவன் தன் கராஜ் அட்டையைத் தந்து, "காரில ஏதும் பிரச்சினையெண்டா எடுங்கோ சேர்" என்று சொல்லியிருந்தான். அவனுக்கு எடுத்தேன்.

"சேர், கேபிள் கொழுவிட்டியளோ?"

"இல்லை, எந்த ஒழுங்கு எண்டு கேட்கத்தான் எடுத்தனான்."

"கொழுவாதேங்கோ. முதல்ல பற்றறியின்ர பக்கங்களை வடிவாப் பாருங்கோ. நேராக் கிடக்கோ, வயிறு வைச்சிருக்கோ?"

குனிந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் புடைத்திருந்தது. ஒரு மூலையில் மயிரளவு வெடிப்பு.

"அது உறைஞ்சு போச்சு, சேர். உறைஞ்ச பற்றறிக்குக் கரண்ட் குடுத்தா வெடிக்கும். உங்கட முகம் அதுக்கு மேலதான் நிக்கும். பொனற்றை மூடிப்போட்டு உள்ளுக்குப் போய் இருங்கோ. நான் வாறன்."

பக்கத்து வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிட்டு உள்ளே வந்து இருந்தேன். மனைவி தேநீரை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள்: "முப்பது வருசம் உதைத்தானே படிப்பிச்சனீங்கள்?"

முக்கால் மணித்தியாலத்தில் அவன் வந்தான், புதுப் பற்றறியோடு. வேலை நாளில் கராஜைப் பொடியங்களிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். பழையதைக் கழற்றிப் பிளாஸ்ரிக் தட்டில் வைத்து, புதியதைப் பூட்டி, ஒரு மீற்றரைக் கொழுவிப் பார்த்தான். கார் பூட்டி நிற்கும்போதும் மணிக்கூடும் அலாரமும் கொம்பியூட்டரும் சேர்ந்து 28 மில்லி அம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. "இது நோர்மல்தான், சேர். பிழையில்லை. ஆனா கணக்கைப் பாருங்கோ" என்றான்.

கணக்கைப் பார்த்தேன். 28 மில்லி அம்பியரை 24 மணித்தியாலத்தால் பெருக்கினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.67 அம்பியர் மணி. அந்தப் பற்றறியின் முழுக் கொள்ளளவு 45 அம்பியர் மணி. என்னுடைய ஐந்து நிமிட ஓட்டங்களால் நான் பூட்டும்போதே அது பாதியில் நின்றிருக்கும், அதாவது 22 அல்லது 23. 0.67ஆல் பிரித்துப் பாருங்கள். ஒரு மாதமும் சொச்சமும். கார்த்திகைக் கடைசியில் பூட்டிய கார், வருடப் பிறப்பளவில் வெறுமையாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதம் அது வெறுமையாகவே குளிருக்குள் நின்றிருக்கிறது.

முழுச் சார்ஜில் உள்ள பற்றறியின் அமிலம் செறிவானது. அது உறைய ஏறத்தாழ மைனஸ் 60 பாகை வேண்டும். ரொறன்ரோவில் அந்தக் குளிர் வராது. பாதிச் சார்ஜில் மைனஸ் 25 அளவில் உறையத் தொடங்கும். முற்றாக இறங்கியது மைனஸ் 10 அளவிலேயே உறைந்துவிடும். ஏனென்றால் உள்ளே இருப்பது இப்போது பெரும்பாலும் நீர்தான். நீர் உறைந்தால் விரியும், விரிந்தால் தட்டு வளையும், பெட்டி வெடிக்கும். 'அமிலம் குறைந்து நீர் கூடும்' என்று நான் வெண்கட்டியால் எழுதிய அதே வரிதான் என் வீட்டு முன்றலில் நடந்திருந்தது.

அவன் என்னைத் தன் வாகனத்திலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். "உங்களை உந்தக் காரில தனிய விட்டா அக்கா எனக்கு ஏசுவா" என்று சிரித்தான். போகிற வழியில்தான் அந்தக் கதை வந்தது.

"சேர், உங்கட வகுப்பில நான் ஒரு கேள்வி கேட்டனான். ஞாபகமிருக்கோ?"

எனக்கு ஞாபகமில்லை. அவன் முகம்கூட வகுப்பில் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. ஒன்றுகூடலில் வந்து தன்னை அறிமுகப்படுத்தியபோது, இடையில் விலகிப்போன பிள்ளைகளில் ஒருவன் என்றுதான் நினைத்தேன்.

அவன் சொன்னதை எழுதுகிறேன்.

1992. அந்தக் காலத்தை நம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் இங்கே பிறந்த பேரப்பிள்ளைகளும் யாராவது வாசித்துக் காட்டக் கேட்கலாம் என்பதால் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் 1990இலிருந்து மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை. தடைப் பட்டியலில் பெற்றோலும் இருந்தது, பற்றறியும் இருந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியும் விட்டு எரித்த வெளிச்சத்தில் நீங்கள் படித்தீர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். புதுப் பற்றறி வராத ஊரில் ஒரு பழைய கார்ப் பற்றறி என்பது நகை மாதிரி. அதை உயிரோடு வைத்திருக்கச் சந்திக்குச் சந்தி சார்ஜ் பண்ணும் கடைகள் இருந்தன. மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர், வரிசையில் பத்துப் பன்னிரண்டு பற்றறிகள்.

அப்படி ஒரு கடையில் அவன் இரவில் வேலை செய்திருக்கிறான். வீட்டில் தகப்பன் இல்லை, தாயும் இரண்டு தங்கச்சிமாரும். இரவு பதினொரு மணி வரை கடை, காலையில் பள்ளிக்கூடம். அமிலம் தெறித்தால் துணியில் அப்போது தெரியாது. தோய்த்துக் காயப் போட்ட பிறகுதான் ஓட்டை ஓட்டையாக விடும். அவனிடம் இருந்தது இரண்டு வெள்ளைச் சேட்டு. இரண்டிலும் ஓட்டை.

ஒருநாள் நான் அவனை எழுப்பி, "சேட்டை எலி அரிச்சதோ?" என்று கேட்டேனாம். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம்.

அதற்குப் பிறகு ஒருநாள் நான் ஈய அமிலக் கலம் படிப்பித்திருக்கிறேன். அது அவனுடைய பாடம். அந்த வகுப்பில் யாரையும்விட அவனுக்குத்தான் அது தெரியும். காய்ச்சி வடித்த நீரைத்தான் விட வேண்டும் என்று நான் சொல்ல, "மழைத் தண்ணியும் விடலாம் சேர்" என்றானாம். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தலில் வெள்ளையாகப் படியும். அதைப் பற்றறிக்குள் விட்டால் கெடும். காய்ச்சி வடித்த நீருக்குத் தடைக்காலத்தில் எங்கே போவது? அவர்கள் மாரி மழைக்கு நடுமுற்றத்தில் தோய்த்த வெள்ளைச் சீலையைக் கட்டி, கீழே பாத்திரம் வைத்து, கூரையில் படாத மழையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானப்படி அது மிகச் சரியான வேலை. நான் அதற்கும் ஏதோ பகிடி சொல்லியிருக்கிறேன்.

பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறான். "சேர், சமன்பாட்டில அம்புக்குறி ரெண்டு பக்கமும் போகுது. அப்ப இறங்கின பற்றறி எல்லாம் திரும்ப எழும்ப வேணும். ஆனா கன நாள் இறங்கிக் கிடந்த பற்றறி எவ்வளவு சார்ஜ் போட்டாலும் எழும்புதில்லை. ஏன் சேர்?"

நான் சொன்ன விடை இதுவாம்: "பாடத்திட்டத்தில இல்லாததைக் கேட்டு வகுப்பைக் குழப்பாதை. பற்றறிக் கடைக்குப் போறதெண்டா இஞ்ச ஏன் வாறாய்?"

அடுத்த கிழமையிலிருந்து அவன் வரவில்லை.

"நீங்கள் சொன்னதால நிக்கேல்லை சேர். வீட்டுக் கஷ்டம். எப்பிடியும் நிண்டிருப்பன்" என்று அவன் என்னைத் தேற்றினான். வீதியைப் பார்த்து ஓடிக்கொண்டே, ஒரு கோபமும் இல்லாமல் சொன்னான். நான் வாய் பேசாமல் இருந்தேன். அவன் முப்பது வருடமாக வைத்திருந்த ஒன்று, என்னிடம் ஒருநாள்கூடத் தங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நண்பரைப் பார்த்தோம். அவருக்கு என்னைத் தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழமையில் அவர் போய்விட்டார். அன்று போயிராவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். அன்று அந்தக் கேள்விக்கு விடை எனக்குத் தெரியாது. 'பாடத்திட்டத்தில் இல்லை' என்பது, 'எனக்குத் தெரியாது' என்பதற்குப் பதிலாக நாங்கள் ஆசிரியர்கள் பாவிக்கும் சொல். ஓட்டைச் சேட்டுப் போட்ட பதினாறு வயதுப் பொடியன், புத்தகத்தில் உள்ள அம்புக்குறியைத் தன் கையால் பரிசோதித்து, அது எப்போதும் உண்மையில்லை என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறான். ஒரு விஞ்ஞான ஆசிரியனுக்கு வாழ்நாளில் ஒன்றிரண்டு தரம்தான் அப்படி ஒரு கேள்வி கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. நான் அதைத் துரத்திவிட்டேன்.

அன்றிரவு வந்து தேடி வாசித்தேன். விடை இதுதான்.

பற்றறி இறங்கும்போது தட்டில் உண்டாகும் ஈயச் சல்பேற்று முதலில் மிக நுண்ணிய மணிகளாக இருக்கும். உடனே சார்ஜ் ஏற்றினால் அவை கரைந்து திரும்பிவிடும். அம்புக்குறி சொல்வது சரி. ஆனால் இறங்கினபடியே நாட்கணக்கில் விட்டால், அந்த நுண்மணிகள் கரைந்து கரைந்து மீண்டும் படிந்து பெரிய, கடினமான பளிங்குகளாக வளரும். பெரிய பளிங்குக்கு மேற்பரப்புக் குறைவு, மின்னும் கடத்தாது. பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் அது இலகுவில் கரையாது. தட்டின் அந்தப் பகுதி பற்றறிக்குப் பயன்படாமல் போய்விடும்.

இதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னான்: "கடையில முதலாளி சொல்லுவார் சேர், இறங்கினது குற்றமில்லை, இறங்கினபடி விட்டதுதான் குற்றம் எண்டு. அப்ப அது சரிதான்."

முதலாளி சரி. நான்தான் பிழை.

இனி உங்களுக்குப் பயன்படும் பகுதி. அவனிடம் கேட்டும், நானே செய்து பார்த்தும் எழுதுகிறேன்.

1. குளிர் மட்டும் பற்றறியைக் கொல்வதில்லை. முழுச் சார்ஜில் உள்ள பற்றறி குளிருக்குள் சுகமாக இருக்கும். குளிரில் அது தானாக இறங்குவதும் குறைவு. வெயில் காலத்தில்தான் அதிகம். கோடைச் சூட்டில் பலவீனப்பட்டதைத்தான் குளிர் வந்து காட்டிக் கொடுக்கிறது. ஆனால் கடுங்குளிரில் பற்றறி கொடுக்கக்கூடிய பலம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், அதே நேரம் எஞ்சின் எண்ணெய் தடித்து இழுவை கூடும். ஆகவே அரைச் சார்ஜோடு குளிருக்குள் போகாதீர்கள்.

2. நிறுத்துமுன் அளந்து பாருங்கள். சாதாரண மல்ரிமீற்றர் போதும். கார் ஓடி நின்று சில மணித்தியாலம் கழித்து, அல்லது அடுத்தநாள் காலையில் அளவுங்கள். ஓடி நின்ற உடனே பார்த்தால் பொய்யாக உயர்த்திக் காட்டும். 12.6 வோல்ற் அல்லது மேல் என்றால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 என்றால் கால்வாசிதான். 12.4க்குக் கீழே நின்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் பூட்ட வேண்டும்.

3. கராஜில் கரண்ட் வசதி இருந்தால், மிகச் சுலபமான வழி 'பற்றறி மெயின்ரெயினர்' என்று விற்கும் சிறிய கருவி. அது முழுச் சார்ஜ் ஆனதும் தானாக மின்னழுத்தத்தைக் குறைத்து, இறங்கும் அளவுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கும். குளிர் முழுக்கக் கொழுவியபடி விடலாம். ஆனால் தானாக நிறுத்தத் தெரியாத பழைய சார்ஜரை மாதக்கணக்கில் கொழுவி விடாதீர்கள். அது அளவுக்கு மிஞ்சி ஏற்றி உள்ளே உள்ள நீரை வற்றச் செய்யும். ஏஜிஎம் வகைப் பற்றறி என்றால் கருவியில் அதற்குரிய நிலையைத் தெரிவு செய்யுங்கள்.

4. கரண்ட் வசதி இல்லையென்றால் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். அப்போது மணிக்கூடும் அலாரமும் இழுக்காது. கழற்றும்போது மறை முதலில், பூட்டும்போது மறை கடைசியில். காரணம் இதுதான்: காரின் உடம்பு முழுக்க மறையோடு தொடுப்பு. மறையைக் கழற்றாமல் நேர் முனையில் ஸ்பானரைப் போட்டு, அது தவறி உடம்பில் பட்டால் பெரிய பொறி பறக்கும். கழற்றுமுன் கார்ப் புத்தகத்தைப் பாருங்கள். சில கார்களில் றேடியோவுக்கு இரகசிய இலக்கம் கேட்கும், சிலவற்றில் டிக்கி மின்பூட்டில்தான் திறக்கும். ஹைபிரிட் காரும் மின்சாரக் காரும் வைத்திருப்பவர்களே, உங்கள் காரிலும் ஒரு 12 வோல்ற் பற்றறி இருக்கிறது, அதுவும் இறங்கும். ஆனால் அதை எப்படிக் கையாள்வது என்று புத்தகம் சொல்வதை மட்டும் செய்யுங்கள்.

5. கிழமைக்கொருக்கால் ஸ்ரார்ட் பண்ணிப் பத்து நிமிடம் நிற்க விட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் நினைத்தேன். குளிரில் ஸ்ரார்ட் பண்ண எடுத்ததையே அந்தப் பத்து நிமிடம் சரியாகத் திருப்பிக் கொடுக்காது. எஞ்சினும் முழுச் சூடு ஏறாததால் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் ஈரம் தங்கும். ஓடுவதென்றால் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் ஓடுங்கள். இல்லாவிட்டால் தொடாமல் விடுங்கள்.

6. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், இணைப்புகளைக் கழற்றிவிட்டு, அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். கரைசல் மூடிகளுக்குள்ளே போகக் கூடாது. போனால் அமிலத்தை நடுநிலையாக்கிவிடும். காய்ந்ததும் பூட்டி, மேலே கொஞ்சம் வசிலின் பூசுங்கள்.

7. கழற்றிய பற்றறியைச் சீமெந்து நிலத்தில் வைத்தால் இறங்கிவிடும் என்று சொல்வார்கள். பழைய காலத்து மரப்பெட்டி, இறப்பர்ப் பெட்டிப் பற்றறிகளின் காலத்துப் பேச்சு அது. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அந்தப் பயமில்லை. வீட்டுக்குள் வைப்பதென்றால் காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல், நிமிர்ந்த நிலையில் வையுங்கள். மாதத்துக்கொருக்கால் அளந்து, 12.4க்கு வந்தால் ஏற்றுங்கள்.

8. கடுங்குளிரில் நின்ற கார் அசையாவிட்டால், கேபிளைத் தேடுமுன் பற்றறியின் பக்கங்களைப் பாருங்கள். புடைத்திருந்தால், வெடித்திருந்தால், உள்ளே உறைந்திருக்கிறதென்று சந்தேகம் வந்தாலே போதும், ஜம்ப் பண்ணவும் வேண்டாம், சார்ஜ் போடவும் வேண்டாம். தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். உறையாத பற்றறியை ஜம்ப் பண்ணும்போதும் கடைசி மறைக் கவ்வியைப் பற்றறியில் போடாமல், தூரத்தில் எஞ்சினின் வெறும் உலோகத்தில் போடுங்கள். பற்றறியிலிருந்து ஐதரசன் வரும், பொறி அதற்குப் பக்கத்தில் பறக்கக் கூடாது.

9. பழுதான பற்றறியைக் குப்பையில் போடாதீர்கள். உள்ளே ஈயமும் அமிலமும். பற்றறி விற்கும் கடையிலேயே திருப்பி எடுப்பார்கள். அந்த ஈயத்தை உருக்கிப் புதுப் பற்றறி செய்யலாம்.

இவ்வளவும்தான். இன்று காலை கொறொல்லாவில் 12.6 காட்டியது. இந்த மூன்று குளிராக மருமகன் கராஜில் ஒரு ஓரத்தை எனக்கு ஒதுக்கித் தந்திருக்கிறார். மெயின்ரெயினரைக் கொழுவினேன், பச்சை வெளிச்சம் எரிந்தது, பழைய போர்வையால் காரை மூடிவிட்டு வந்தேன். முன்பு உறைந்த அந்தப் பற்றறியோடு போனது ஒன்றுதான். அதற்குப் பிறகு ஒரு பற்றறியும் என்னிடம் பழுதாகவில்லை.

இதை எழுதலாமோ என்று தம்பியிடம் நேற்று ரெலிபோனில் கேட்டேன். "பேரைப் போடாதேங்கோ சேர். பற்றறி விசயத்தை வடிவா எழுதுங்கோ, உறைஞ்சதுக்கு ஜம்ப் பண்ணுற ஆக்கள் இப்பவும் இருக்கினம்" என்றான். மன்னிப்பைப் பற்றிச் சொன்னபோது, "அதை விடுங்கோ சேர்" என்றான். அவன் விட்டுவிட்டான். நான் விடக்கூடாது. எலி அரித்ததோ என்று கேட்டது நாற்பது பேர் முன்னால். ஆகவே மன்னிப்பும் நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் கேட்க வேண்டும்.

தம்பி, நீ கேட்டது நல்ல கேள்வி. விடை தெரியாமல் உன்னை இருத்தியது என் பிழை. உன் சேட்டைப் பார்த்துச் சிரித்தது அதைவிடப் பெரிய பிழை. என்னை மன்னித்துக்கொள்.

அந்த வகுப்பில் இருந்து சிரித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. சிரிக்க வைத்தது நான். ஆனால் யாரென்று கண்டுபிடித்தால், அடுத்த ஒன்றுகூடலில் அவன் பக்கத்துக் கதிரையில் போய் இருந்து கதையுங்கள்.

இன்னொன்று. என்னிடம் படித்த யாருக்காவது, வகுப்பில் கேட்டு விடை கிடைக்காத கேள்வி இன்னும் மனதில் கிடந்தால் கீழே எழுதுங்கள். தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தேடிச் சொல்கிறேன். பற்றறி பற்றியதென்றால் தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லை என்று மட்டும் இனிச் சொல்ல மாட்டேன்.

குளிருக்குக் கவனமாக ஓடுங்கள், பிள்ளைகளே.

அன்புடன்,
உங்கள் இரசாயன சேர்